ஆறு நிமிடத்தில் எத்தனை பாடம்?

வணக்கம் ஐயா,

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பறையில் பதிவு செய்த 50 நிமிட விரிவுரைகளை இணையவழிப் பாடமாக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை, வெட்டிப் போடுங்கள் என்கிறார்கள். தனி ஊசலின் அலைவு நேரத்தை வருவிக்கவே எனக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். வெட்டினால் பாடம் சிதையாதா? எதுதான் சரியான நீளம்?

இயற்பியல் ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆறு நிமிடத்துக்கு ஒரு மூலம் இருக்கிறது. ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களை எடுத்துக்கொண்டு, 862 வீடியோக்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பாதித் தடவையாவது ஆறு நிமிடத்துக்குள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கான கணக்குதான் இது. எவ்வளவு புரிந்தது என்பது இதற்குள் இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது, அதை யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. வகுப்பறை விரிவுரையைப் பிற்பாடு துண்டு போட்டாலும், ஆரம்பத்திலேயே இணையத்துக்கென்று திட்டமிட்டு எடுத்த வீடியோ அளவுக்கு அது மாணவரைப் பிடித்து வைக்கவில்லை. ஆகவே வெட்டத் தயங்குவது சரிதான். ஆனால் 50 நிமிடத்தை அப்படியே ஏற்றிவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

மாணவர் எந்த இடத்தில் நின்று தானே ஒன்றைச் செய்து பார்க்க வேண்டுமோ, அங்கே வீடியோ முடிய வேண்டும் என்பது என் எண்ணம். 2013இல் கார்ல் ஸ்பூனார், நோவல் கான், டேனியல் ஷாக்டர் ஆகியோர் ஒரு புள்ளியியல் விரிவுரை வீடியோவை நான்கு பகுதிகளாக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் சிறு தேர்வு எழுதியவர்களுக்குக் கவனம் சிதறுவது குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, கடைசித் தேர்வும் நன்றாக வந்தது. மற்றவர்களும் அதே வீடியோவை அதே இடைவெளிகளோடுதான் பார்த்தார்கள். வித்தியாசம் நடுவில் வந்த கேள்விகளால் வந்தது.

சரி, உங்கள் ஊசலுக்கு வருவோம். குண்டின் மேல் செயல்படும் விசைகளை வரைந்து இயக்கச் சமன்பாட்டை எழுதுவது ஒரு பகுதி. அந்தச் சமன்பாட்டில், ஊசல் சாயும் கோணமான தீட்டாவின் சைனுக்குப் பதிலாகத் தீட்டாவையே போடுகிறோமே, அது இரண்டாவது. அலைவு நேரச் சூத்திரம் மூன்றாவது.

வகுப்பில் பலரும் ஒரே வரியில் தாண்டிப் போவது அந்த இரண்டாவது பகுதியைத்தான். நீங்கள் அங்கே நிறுத்துங்கள். 10 பாகைக்கும் 60 பாகைக்கும் கணக்கிட்டுப் பாருங்கள் என்று மாணவரிடம் விட்டுவிடுங்கள். 10 பாகை என்பது 0.1745 ரேடியன், அதன் சைன் 0.1736. கிட்டத்தட்ட ஒன்றுதான். 60 பாகைக்கு ரேடியன் 1.047, சைன் 0.866. இந்த இரண்டு வரியைத் தன் கையால் எழுதியவருக்கு, சிறிய கோணம் என்ற நிபந்தனை ஏன் வருகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றில் ஒன்று நான்கு நிமிடம் வரலாம், இன்னொன்று எட்டு வரலாம். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே ஓட்டமாகப் போகும் வருவித்தலை ஆறாவது நிமிடம் வந்துவிட்டது என்பதற்காகப் பாதியில் அறுத்தால், அடுத்த வீடியோவின் முதல் நிமிடம் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போய்விடும். அதேபோல் "சென்ற பகுதியில் பார்த்தோம்" என்ற முன்னுரையை வைத்து ஒவ்வொரு துண்டையும் இழுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்ய நேரம் இருக்காது என்று தெரியும். மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் நான்கைந்து தலைப்புகளை மட்டும் முதலில் புதிதாக எடுங்கள். பழைய பதிவுகளை வெட்டாமல் முழுசாகவே தளத்தில் வையுங்கள். எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று கீழே எழுதிவிட்டால், தேர்வுக்கு முன் ஒன்றை மட்டும் தேடி வருபவருக்கு அது போதும்.

அன்புடன்