பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் புகழுக்கு அவர்களின் தோற்றம் எவ்வளவு காரணம்?

பாட்டுதான் அடிப்படை. ஆனால் அந்தப் பாட்டை வீட்டுக்கூடம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது தோற்றம் என்றே நினைக்கிறேன்.

1961 நவம்பரில் பிரையன் எப்ஸ்டீன் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் அவர்களை முதலில் பார்த்தபோது, தோல் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். மேடையிலேயே சாப்பிடுவார்கள், சிகரெட் பிடிப்பார்கள். மேலாளரானதும் அவர் இதையெல்லாம் மாற்றினார். நால்வருக்கும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு. பாட்டு முடிந்ததும் சேர்ந்தாற்போல் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம். பழைய ஒளிப்பதிவுகளில் அந்த வணக்கத்தைப் பாருங்கள், மனசு இளகிவிடும். நெற்றியில் விழும் முடியை மட்டும் விட்டுவைத்தார்கள். சூட்சுமம் அங்கேதான்: பெற்றோருக்குச் சூட்டு, பிள்ளைகளுக்கு முடி. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தது இந்த உருவத்தைத்தான்.

சரி, எல்லோருக்கும் இதே வழியா? இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம் நேரெதிராகப் போனார். அடங்காத பையன்கள் என்ற பெயரையே ஊதி வளர்த்தார். அதற்கும் கூட்டம் சேர்ந்தது.

அப்புறம், உருவத்துக்கு ஒரு விலையும் உண்டு. அந்தச் சூட்டைப் போட்டதே தங்களை விற்றுக்கொண்டதுதான் என்று பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரான ஜான் லெனன் பின்னாளில் வருத்தத்தோடு பேசினார்.