பழைய டேப்பிலிருந்து ஓடிடி வரை: தொடர் தயாரிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

சேனல்களுக்கு மெகா தொடர் எடுத்துப் பழகிய சென்னை நிறுவனங்கள் இப்போது ஓடிடி தளங்களுக்கும் யூடியூபுக்கும் வேலை செய்கின்றன. படப்பிடிப்பு யாருக்கும் புதிதில்லை. சிக்கல் வருவதெல்லாம் உரிமைப் பத்திரத்திலும் மாஸ்டரை (இறுதி மூலப் பிரதியை) ஒப்படைப்பதிலும்தான். வந்த கேள்விகளும் அதையே சுற்றியிருந்தன.

கேள்வி (தயாரிப்பாளர், வளசரவாக்கம்): சார், 2003-ல் நாங்கள் எடுத்த தொடரை ஒரு ஓடிடி தளம் கேட்கிறது. 300 எபிசோடுக்கு மேல் இருக்கிறது. உரிமை எங்களிடம்தானே இருக்கும்?

பதில்: ஒப்பந்தத்தைப் பார்க்காமல் "ஆமாம்" என்று சொல்லிவிடாதீர்கள். சேனலில் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரத்தையும் நீங்களே பிடித்து ஓட்டிய தொடர் என்றால் உரிமை பெரும்பாலும் உங்களுடையது. எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனல் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அவரே முதல் உரிமையாளர்.

அடுத்து கதை, வசனம், டைட்டில் பாட்டு, பின்னணி இசை. இவற்றின் உரிமை உங்களுக்கு எழுத்தில், கையொப்பத்தோடு மாற்றப்பட்டிருக்க வேண்டும். சம்பள வவுச்சரில் வாங்கிய கையெழுத்து இதற்கு உதவாது. 19-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு. எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். 2003-ல் காலம் குறிப்பிடாமல் வாங்கிய கதை உரிமை 2008-லேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா ரசிகர்களுக்காகத் தளம் கேட்கிறது என்றால் எல்லை விஷயமும் இடிக்கும். 2012-ல் வந்த திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: கையெழுத்தான சமயத்தில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர, அந்த உரிமை மாற்றம் செல்லாது. அதற்கு முந்தைய பத்திரம் என்றால் வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டியே தீர வேண்டும்.

எபிசோட் வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். மெகா தொடரில் வசனகர்த்தா நடுவில் மாறியிருப்பார். முதல் 120 எபிசோடுக்கு ஒருவர், பிறகு இன்னொருவர் என்றால் இருவரிடமும் புதுப் பத்திரம் வாங்க வேண்டும். காலமாகியிருந்தால் வாரிசுகளிடம். கல்யாணக் காட்சியில், கார் காட்சியில் சினிமாப் பாட்டு ஓடுகிறதா என்று ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லி, நேரக்குறியோடு எழுதி வையுங்கள். அந்தப் பாட்டுக்கு அனுமதி இல்லையென்றால் அங்கே இசையை மாற்றியாக வேண்டும். ஓடிடியை விடுங்கள், யூடியூபிலேயே அந்த ஒரு நிமிடப் பாட்டுக்காக எபிசோடின் வருமானம் பாட்டு நிறுவனத்துக்குப் போய்விடும்.

கேள்வி (எடிட்டர், விருகம்பாக்கம்): அதே மாதிரி எங்களிடம் பீட்டாகேம் எஸ்பி (பழைய ஒளிபரப்பு வீடியோ நாடா) டேப்புகள் இருக்கின்றன, சார். கணினிக் கோப்பாக மாற்றியபோது அசைவெல்லாம் முன்னும் பின்னும் உதறுகிறது. ஏன்?

பதில்: ஃபீல்டு வரிசை தப்பாகியிருக்கிறது. நம் ஊர்ப் பழைய டேப்புகள் 576 வரி, நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பிரித்த பாதிப் படம்). பீட்டாவில் மேல் ஃபீல்டு முதலில் வரும்; DV (டிஜிட்டல் வீடியோ) டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில். DV டேப்புக்கான பழைய செட்டிங்கிலேயே பீட்டாவைப் போட்டால் நீங்கள் சொல்லும் உதறல்தான் வரும். மென்பொருளில் மேல் ஃபீல்டு என்று மாற்றினாலே சரியாகிவிடும், டேப்பைத் திரும்ப ஓட்ட வேண்டாம்.

டீஇன்டர்லேஸ் செய்யும்போது (ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக்கும்போது) நொடிக்கு 50 ஃபிரேமாக எடுங்கள். 25 ஆக எடுத்தால் பாதி அசைவு போய்விடும். படத்தை 1440×1080-க்குப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் கறுப்பாக விடுங்கள். திரையை நிரப்ப வேண்டுமென்று மேலும் கீழும் வெட்டுகிறார்கள். குளோசப்பில் நெற்றியும் தாடையும் போய், நடிப்பே கெட்டுவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒலியில் ஒரு எச்சரிக்கை. பல நிறுவனங்கள் மாஸ்டர் டேப்பின் முதல் டிராக்கில் முழுக் கலவையும், இரண்டாவதில் வசனமில்லாத இசையும் சத்தமும் வைத்திருந்தன. இது தெரியாமல் இரண்டையும் சேர்த்து ஸ்டீரியோவாக்கினால் இசை வசனத்தை அமுக்கும். அந்த இரண்டாவது டிராக் இன்று பணம். தெலுங்கிலோ இந்தியிலோ டப் செய்ய அதுதான் வேண்டும்.

டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் ஹெட் அடைத்து, அடுத்துப் போடும் நல்ல டேப்பும் கெடும். தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி (இணைத் தயாரிப்பாளர், கோவை): புதிதாக வெப் தொடர் எடுக்கிறோம். தளம் முழுச் செலவையும் தருகிறது. இதில் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: செலவும் மேலே ஒரு தயாரிப்புக் கட்டணமும் தருகிறார்கள் என்றால், பொதுவாகத் தொடர் முழுக்க அவர்களுடையது. ரீமேக், அடுத்த சீசன், கதாபாத்திரம் எல்லாம் அதில் போய்விடும். அடுத்த சீசனை முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியையாவது எழுதி வாங்குங்கள். உங்கள் காசில் எடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு லைசென்ஸ் மட்டும் கொடுத்தால் ஆரம்பத்தில் கஷ்டம்தான், ஆனால் சொத்து உங்களிடம் நிற்கும். முதலீடு தாங்குமென்றால் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

பணம் கட்டம் கட்டமாக வரும். கடைசித் தவணை தளத்தின் தரச்சோதனை முடிந்தால்தான். இன்வாய்ஸ் போட்டவுடன் ஜிஎஸ்டி பொறுப்பு வந்துவிடும். மாதாமாதம் கட்டுபவர்கள் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும், பணம் வந்திருந்தாலும் வராவிட்டாலும். அந்தத் தொகையை பட்ஜெட்டில் தனியாக ஒதுக்குங்கள். குறு, சிறு நிறுவனம் என்றால் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் கட்டணத்தை இழுக்கக் கூடாது என்று சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

கேள்வி (உதவி ஒளிப்பதிவாளர், சாலிகிராமம்): 24 ஃபிரேமில் எடுத்தால் சில கடைகளில் லைட் துடிக்கிறது, சார்.

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 180 டிகிரியில் வைக்காமல் 172.8-ல் வையுங்கள், அது சரியாக 1/50 நொடி. மலிவான எல்இடி அதிலும் துடித்தால் அந்த விளக்கை அணைத்துவிட்டு உங்கள் விளக்கைப் போடுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி (ஒலிக் கலவையாளர், வடபழனி): சேனலுக்குக் கொடுத்த கலவையை ஓடிடி திருப்பி அனுப்பிவிட்டது.

பதில்: அளவுகோலே வேறு. ஒளிபரப்பில் பரவலாகப் பின்பற்றும் அளவு முழு நிகழ்ச்சிக்கும் சராசரி -23 LUFS (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). நெட்ஃபிளிக்ஸ் கேட்பது வசனத்தை மட்டும் அளந்து -27, கூட்டியோ குறைத்தோ 2 வரை போகலாம். உச்சம் -2 டெசிபெலைத் தாண்டக் கூடாது. மாஸ்டரை மொத்தமாகக் குறைத்து அனுப்பினால் அளவு சரியாகும், ஆனால் சேனலுக்காக நசுக்கிய கலவை நசுங்கியபடியே இருக்கும். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் தனித்தனி ஸ்டெம்மிலிருந்து மறுபடி கலக்குங்கள்.

அதிகம் திரும்பி வருவது இசை-எஃபெக்ட்ஸ் டிராக். லைவ் சவுண்டில் எடுத்த காட்சியில் வசனத்தை நீக்கினால் காலடி, வளையல், பாத்திரச் சத்தம் எல்லாம் கூடவே போய்விடும். ஃபோலி (இந்தச் சத்தங்களை ஸ்டுடியோவில் தனியாக உருவாக்கிப் பதிவது) போட்டு நிரப்பாமல் அனுப்பினால் டப்பிங்கில் ஆட்கள் ஊமைப்பட உலகத்தில் நடப்பார்கள். ஃபோலிக்கு ஆரம்ப பட்ஜெட்டிலேயே பணம் வையுங்கள்.

கேள்வி (புதிய தயாரிப்பாளர், மதுரை): வெப் தொடருக்கு சென்சார் வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளமே வகைப்படுத்தும்: யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ. ஆனால் சிகரெட் காட்சி இருந்தால் 2023 செப்டம்பர் 1 முதல் ஓடிடிக்கும் எச்சரிக்கை விதி உண்டு: தொடக்கத்திலும் நடுவிலும் சுகாதார விளம்பரம், காட்சி ஓடும்போது கீழே வாசகம். அதற்கு மேலே இடம் விட்டு சப்டைட்டிலை வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

கேள்வி (டிஐடி - படப்பிடிப்பில் டிஜிட்டல் பதிவுகளைக் கவனிப்பவர், போரூர்): கேமரா கார்டை எப்போது ஃபார்மேட் செய்யலாம்?

பதில்: மூன்று நகல் இருந்து, மூன்றிலும் செக்சம் (நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) பொருந்தி, அதில் ஒன்று செட்டை விட்டு வெளியே போன பிறகு. இழுத்துப்போட்டுக் காப்பி செய்வதை நம்பாதீர்கள். நீண்ட காலத்துக்கு ஹார்டு டிஸ்க்கை விட எல்டிஓ டேப் (கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் காந்த நாடா) நல்லது. எல்டிஓ-8 ஒன்றில் 12 டிபி போகும். எந்த டேப்பில் எந்த எபிசோட் என்ற பட்டியலை டேப்போடு மட்டும் வைக்காமல், உரிமைப் பத்திரக் கோப்பிலும் ஒரு பிரதி வையுங்கள்.