கண் சொட்டு மருந்தும் பழைய டைபாய்டு மாத்திரையும்

கேள்வி: கண்ணில் பீளை தள்ளியதற்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தின் உறையில் 'குளோரம்பெனிகால்' என்று அச்சிட்டிருக்கிறது. அது அந்தக் காலத்து டைபாய்டு மருந்து, ரத்த உற்பத்தியையே நிறுத்திவிடும் என்கிறார் என் மாமனார். இரண்டும் ஒன்றா? கண்ணில் விடலாமா?

பதில்: மருந்து ஒன்றேதான், உங்கள் மாமனார் சொல்வதும் வெறும் பீதியல்ல. வெனிசுவேலாவின் காரகாஸ் பகுதி மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து 1947-இல் பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, பலதரப்பட்ட பாக்டீரியாக்களோடு, பெனிசிலினுக்கு மசியாத ரிக்கெட்சியா என்னும், செல்லுக்குள் வாழும் பாக்டீரியா வகையையும் அடக்கியது. 1948-இல் மலேயாவில், அவ்வகைக் கிருமியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு அமெரிக்க மருத்துவர்கள் இதைச் சோதித்தபோது, அந்நோய் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு என்பதும், அதுவும் குணமாகிறது என்பதும் தெரியவந்தன. வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் சில நாட்களில் தணிந்ததென்றால், அன்றைய மருத்துவர்கள் இதைக் கொண்டாடியதில் வியப்பில்லை. சாதாரணச் சளிக்கும் இதை அள்ளிக் கொடுத்ததுதான் பிழை.

பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு புரத உற்பத்தியை இம்மருந்து நிறுத்துகிறது. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவிலும் அதையொத்த ரைபோசோம்கள் இருப்பதால், அளவு மிகும்போது, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை சுணங்குகிறது. மருந்தை நிறுத்தினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். மாமனார் குறிப்பிடுவது வேறொன்று: அளவோடு தொடர்பின்றி, மருந்தை நிறுத்தி வாரங்கள், மாதங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடிய அப்ளாஸ்டிக் அனீமியா, அதாவது மஜ்ஜை ரத்த அணுக்களைப் போதிய அளவு உருவாக்காமல் போகும் நோய். சுமார் 25,000 முதல் 40,000 பேரில் ஒருவருக்கு வரும் என்று கணக்கிடப்பட்டாலும், வந்தால் உயிருக்கே ஆபத்து. பச்சிளம் குழந்தைகளின் கல்லீரலால் இம்மருந்தை முறையாகக் கழிக்க முடியாததால், அவர்கள் சாம்பல் நிறமாகித் துவண்டுபோன நிகழ்வுகளும் உண்டு. இந்த அபாயங்களாலும், டைபாய்டு கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதாலும் மாத்திரை பின்வாங்கியது. ஆயினும் மூளைத் திரவத்துக்குள் நன்கு புகுவதால், பெனிசிலின் ஒவ்வாத மூளையுறை அழற்சி நோயாளிகளுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

சொட்டு மருந்தில் உடலுக்குள் சேரும் அளவு மிகச் சொற்பம். அதன்பின் ரத்தப் பாதிப்பு ஏற்பட்டதாகப் பதிவான நிகழ்வுகள் மிக அரிது. அவற்றுக்கும் சொட்டு மருந்துதான் காரணம் என்று உறுதியாகவில்லை. எனவே, மருத்துவர் சொன்ன நாள்வரை தயங்காமல் விடலாம். உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவினருக்கோ மஜ்ஜைக் கோளாறு இருந்திருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்து கேளுங்கள். மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று எடுத்துவைக்காதீர்கள். வைரஸால் கண் சிவந்தால் இம்மருந்து வேலை செய்யாது.