ஆக்னஸ் மார்ட்டின்: ஓவியப் பிரியர்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினின் படங்களில் ஆறடிக்கு ஆறடி கித்தான் முழுக்க பென்சில் கட்டம். என் பையனின் கணக்கு நோட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: நோட்டின் கட்டத்தை அச்சு இயந்திரம் போட்டது. இவர் அளவுகோலை வைத்துத்தான் போட்டார், இருந்தும் கை தெரிகிறது. எட்ட நின்றால் கட்டமே மறைந்து மூடுபனி மாதிரி இருக்கும். கிட்டே போனால், பென்சில் துணியின் நெசவில் ஏறி இறங்கிப் போயிருப்பது தெரியும். ஓரிடத்தில் அழுத்தம், ஒரு விரற்கடை தள்ளிப் பாதி அழிந்த மாதிரி. செல்போனில் இதெல்லாம் போய்விடும். அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: அவரை மினிமலிஸ்ட், அதாவது வடிவத்தை மிகக் குறைத்து எளிமையாக்கும் ஓவியர், என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: சொல்கிறார்கள். அவர் தன்னை அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிஸ்ட், அதாவது உருவமில்லாமல் உணர்ச்சியை வரைபவர், என்றார். அவருக்கு முக்கியம் கட்டமல்ல, உணர்ச்சி.

கேள்வி: 1967இல் பெயர் நன்றாக வந்துகொண்டிருந்தபோது நியூயார்க்கை விட்டுப் போனது ஏன்? மனநோயாலா?

பதில்: ஸ்கிட்சோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் இருந்தது, மருத்துவமனையிலும் இருந்திருக்கிறார். ஆனால் அது ஒன்றே காரணமில்லை. அவர் வேலை செய்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். நண்பரான ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் அதே வருடம் இறந்துபோகிறார். தூரிகைகளைக்கூடக் கொடுத்துவிட்டு பிக்கப் வண்டியில் கிளம்பினார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு மேட்டுநிலத்தில் மண்கல் வீட்டைத் தானே கட்டினார். 1974இல்தான் மறுபடி கித்தானைத் தொட்டார். படங்களை நோயை வைத்தே விளக்குவது எனக்குப் பிடிக்காது. நோய் கோடு போடாது.

கேள்வி: கோடுகளை முன்கூட்டியே திட்டமிடுவாரா?

பதில்: படம் மனதில் தபால்தலை அளவில் வரும்வரை காத்திருப்பார். அப்புறம் கணக்கு: தாளில் பெருக்கி வகுத்து, பட்டைகளின் அகலத்தை ஆறடிக்குக் கொண்டுவருவார். சரியாக வராததைக் கத்தியால் கிழித்துவிடுவார்.

கேள்வி: கடைசிப் படங்கள் ஐந்தடிதான். அழகியல் காரணமா?

பதில்: இல்லை, முதுமை. ஆறடிக் கித்தானைத் தூக்க முடியவில்லை. 1993இல் நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரில் முதியோர் குடியிருப்புக்குப் போய், 2004இல் 92 வயதில் இறக்கும்வரை அந்த ஊரில்தான் இருந்தார்.

கேள்வி: எங்கே பார்க்கலாம்?

பதில்: அதே தாவோஸில், ஹார்வுட் மியூசியத்தில். எண்கோண அறை, ஏழு படங்கள், நடுவே சிற்பி டொனால்ட் ஜட் வடிவமைத்த மஞ்சள் பெஞ்சுகள். உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் போட்டிருக்கிறார்கள்.