வேரா கரல்லி: பேசாத படத்தில் ஒரு பேசாத பெண்

பாலே மேடையிலும் திரையிலும் ஒருசேரப் புகழ்பெற்ற ரஷ்யக் கலைஞர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேரா கரல்லியைத்தான் சொல்வேன்.

அவர் பெயரைத் தேடினால், ஜார் மன்னர் குடும்பத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த சாமியார் ரஸ்புதினின் கொலைதான் முதலில் வந்து நிற்கும். 1916 டிசம்பரில் யூசுபோவ் அரண்மனையில் ரஸ்புதின் கொல்லப்பட்ட இரவு, இவரும் அங்கே இருந்தார் என்றொரு பேச்சு உண்டு. கொலையாளிகளில் ஒருவரான இளவரசர் திமித்ரி பாவ்லோவிச்சுடன் அவருக்கு நெருக்கம் இருந்தது உண்மை. மற்றதை இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை. நிரூபணமில்லாத ஓர் இரவு, ஒரு பெரிய கலைஞரின் வாழ்நாள் உழைப்பை மறைத்து நிற்கிறதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1889-இல் மாஸ்கோவில் பிறந்தவர். பாலே ஆசிரியர் அலெக்சாந்தர் கோர்ஸ்கியிடம் பயின்று, 1906-இல் மாஸ்கோவின் புகழ்பெற்ற பாலே மேடையான பல்ஷோய் அரங்கில் சேர்ந்தார். 1909-இல் கலை நிகழ்ச்சி அமைப்பாளர் தியாகிலெவ் தம் பாலே குழுவைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றபோது முதல் இரவிலேயே முக்கிய வேடத்தில் ஆடியவர் இவர். 1914-இல் ஹான்ஷோன்கோவின் படத் தயாரிப்பு நிறுவனம் வழியாகத் திரைக்கு வந்தார். அப்போது சினிமா சந்தை வேடிக்கை என்று ஏளனம் செய்யப்பட்ட காலம். பல்ஷோய் நட்சத்திரம் ஒருவர் அதில் இறங்கியதற்குத் துணிச்சல் வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, யெவ்கேனி பாவர் இயக்கி 1917 ஜனவரியில் வெளியான ‘சாகும் அன்னம்’. ரஸ்புதின் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கரல்லி அதில் வாய்பேச முடியாத கிசெல்லா. காதலன் ஏமாற்றிவிட, அந்தத் துயரத்தோடு மேடையேறி அன்னமாக ஆடுகிறாள். மரணத்தை ஓவியமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற பித்துப் பிடித்த ஓவியன் அவளைக் கண்டுகொள்கிறான். பிறகு காதலன் திரும்பி வருகிறான். அவள் கண்களில் உயிர் வந்துவிடுகிறது. ஓவியனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கழுத்தை நெரித்துவிடுகிறான். ஓவியத்துக்காக.

படத்துக்கே குரல் கிடையாது, அதில் வரும் பெண்ணுக்கும் கிடையாது. வசன அட்டைகள் மற்றவர்களுக்காகப் பேசுகின்றன. அவளுக்கு உடல் மட்டுமே மொழி. பாலேவில் வளர்ந்த ஒருவரைத் தவிர யாரும் இதைத் தாங்கியிருக்க முடியாது என்பது என் கருத்து. ஒரு கனவுக் காட்சியில் நாலாபுறமிருந்தும் கைகள் அவளைப் பற்ற நீளும். நூறாண்டு கழித்தும் முதுகு சில்லிடுகிறது.

புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். லித்துவேனியாவின் கவுனசில் நடனம் கற்பித்தார், பிறகு புக்கரெஸ்டில், பாரிசில். கடைசியில் வியன்னாவுக்கு அருகே பாடன் என்ற ஊரில் 1972-இல் காலமானார்.

படம் இன்றும் கிடைக்கிறது. பார்ப்பதாக இருந்தால், பிற்காலத்தில் சேர்த்த இசையை நிறுத்திவிட்டு அந்த அன்ன நடனத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். நுனிக்காலில் சின்னச் சின்ன அடிகளாக நழுவி வருவார். கைகள் எழும்பும், தளரும், மறுபடி எழப் பார்க்கும். அந்த நடனத்துக்குரிய செல்லோ (பெரிய வயலின் போன்ற கருவி) இசை எந்த இடத்தில் இறங்குகிறது என்பது அவர் மணிக்கட்டிலேயே தெரியும்.