பொருந்திய வளையி

சேர், வணக்கம்.

நான் கொக்குவிலைச் சேர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்து, இரண்டு வருடமாக ஐரோப்பாவில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். சிலிக்கன் தகட்டின் மேல் நுண்துளைகள் உள்ள சிலிக்காவை 20 நானோமீற்றர் தடிப்பில் படலமாக இட்டு, எக்ஸ் கதிரை மிகச் சாய்வாகப் படவிட்டு, தெறித்து வருவதை அளக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தொலைபேசியில் "நீ அங்கை என்னதான் பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்கிறார். எக்ஸ்ரே என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் வேலை என்று நினைத்துக்கொள்கிறார். இதைத் தமிழில் சொல்லவே முடியாதா, அல்லது எனக்குத்தான் முடியவில்லையா? படிப்பு முடிந்து ஊருக்கு வந்தால் இந்தக் கருவி இல்லாமல் என்ன செய்வேன் என்ற பயமும் இருக்கிறது. தமிழில் வாசிக்க ஏதாவது நூல் சொல்வீர்களா?

ஒரு நல்ல செய்தி. என் மாதிரித் தகடு 1 சென்ரிமீற்றர் நீளம்தான். கதிர் படும் கோணம் 0.6 பாகைக்குக் கீழே போனால் கதிர் தகட்டைத் தாண்டி வழிந்துவிடுவதால் அந்தத் தரவை நீக்கிவிட்டேன். மீதித் தரவோடு, படலம் இப்படி இருக்கும் என்று வைத்துக் கணினி கணித்துத் தந்த வளையி, அதாவது வரைபடக் கோடு, அச்சொட்டாகப் பொருந்தியது. படலத்தில் 30 வீதம் வெற்றிடம் என்று உறுதியாகிவிட்டது.

(பெயர் போடவேண்டாம் சேர்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் வந்த கிழமை எங்கள் வீட்டு விறாந்தைப் படியை மேசன் இடித்திருந்தார். முற்றத்திலிருந்து விறாந்தைக்கு 12 அங்குல உயரம், நடுவில் ஒரே ஒரு படி. புதிதாகக் கட்டினாலும் பழைய உயரத்திலேயே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் தன் கால் தடுமாறும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். சரி, பழைய படி என்ன உயரம் என்று மேசன் கேட்டார். முதலில் 4 அங்குலம் ஏறி, பிறகு 8 என்றேன் நான். இல்லை, முதலில் 8, பிறகு 4 என்றார் அம்மா. 40 வருடமாக ஏறி இறங்கிய படி. இரண்டு பேரும் உறுதியாகச் சொன்னோம். மொத்தம் 12 என்பதில் மட்டும் சண்டை இல்லை. இரண்டு நாளாக இதே நினைப்பில் இருந்தபோதுதான் உம்முடைய "உறுதியாகிவிட்டது" என்ற சொல் கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன்.

நூல் கேட்டதை விடும். நூலுக்காகக் காத்திருக்க வேண்டியவர் அல்ல நீர், எழுதவேண்டியவர்.

தமிழில் சொல்ல முடியாதா என்று கேட்க உமக்கு எப்படி மனம் வந்தது? தெறிப்பு, முறிவு, அவதிக் கோணம், தலையீடு என்று உயர்தரப் பரீட்சையில் எழுதித்தானே பல்கலைக்கழகம் போனீர்? விமானம் ஏறியதும் அந்தச் சொற்களை விமான நிலையத்தில் வைத்துவிட்டுப் போனீரா? 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இல். அதற்கு முன்பே உடம்புக்குள் இருப்பதையெல்லாம் இந்த ஊரில் தமிழில் சொல்லிக்கொடுத்தாயிற்று. உமக்கு முடியவில்லை என்பதுதான் சரி. முயலவில்லை என்பது இன்னும் சரி.

கருவி இல்லை என்ற பயத்துக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியில் பிரவுன்சுவைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்று ஒருவர் இருந்தார். பெண் என்பதால் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். தண்ணீரின் மேல் எண்ணெயும் அழுக்கும் படரும்போது மேற்பரப்பு என்ன ஆகிறது என்பதைச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்து அளந்தார். 1891இல் அதையெல்லாம் இங்கிலாந்தின் பௌதிக விஞ்ஞானி ராலே பிரபுவுக்கு ஒரு கடிதமாக எழுதினார், தன்னுடைய மொழியில், ஜெர்மனில். ராலே அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, அது அச்சாகியது. பிறகு அமெரிக்க விஞ்ஞானிகள் லாங்மியரும் கதரின் புளொட்ஜெற்றும் ஒரு மூலக்கூற்றுத் தடிப்புள்ள படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்களே, அதற்கு அடிப்படை அந்தத் தொட்டி. ஊருக்கு வருவதா வேண்டாமா என்பதை உம்முடைய மனமும் வீட்டு நிலைமையும் சொல்லட்டும். கருவியை மட்டும் காரணமாகச் சொல்லாதேயும்.

பொக்கெல்ஸின் தொட்டியைப் பற்றி எப்போது வாசித்தாலும் எனக்கு எங்கள் வீட்டு பேசின்தான் ஞாபகம் வரும்.

1991. எனக்கு 14 வயது. பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடு. எங்கள் தலைமுறை படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், போத்தலே சிமினி. ஒருநாள் பின்னேரம் நான் எண்ணெய் வார்க்கும்போது கை தவறி, பக்கத்தில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்த பேசினுக்குள் கொஞ்சம் ஊற்றுப்பட்டுவிட்டது. யன்னலால் வந்த வெயிலில் தண்ணீர் முழுக்க நிறம். ஊதா, தங்கம், மயில் கழுத்துப் பச்சை, வளையம் வளையமாக அசைந்தது. நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தார். முதுகில் ஒன்று விழுந்தது. ஏசிக்கொண்டே கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து, தண்ணீரை அமத்தாமல் மேலால் மெதுவாக இழுத்தார். பஞ்சு எண்ணெயைக் குடிக்கக் குடிக்கப் படலம் மெலிந்தது. மெலிய மெலிய நிறம் மாறியது. பச்சை இருந்த இடத்தில் தங்கம், தங்கம் இருந்த இடத்தில் மங்கிய வெள்ளை, பிறகு ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர். ஆனால் விரலை வைத்து மணந்தேன், மண்ணெண்ணெய் மணம் அப்படியே இருந்தது. அந்தப் பஞ்சை அம்மா போத்தலுக்குள் போட்டார். அன்றிரவு அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன்.

படலம் இருக்கிறது, ஒளிக்குத் தெரியவில்லை. உம்முடைய துறை தொடங்கும் இடம் இதுதான், பிள்ளை. எண்ணெயின் மேல்முகத்தில் தெறித்த ஒளியும், அடியில் எண்ணெயும் தண்ணீரும் தொடும் இடத்தில் தெறித்த ஒளியும் சேர்ந்து ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் நிறம் தந்தன. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீற்றர். படலம் அதைவிட மிக மெலிந்துபோனால் அந்த ஒளிக்குப் பிடி கிடைக்காது. செம்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீற்றர். அதற்கு 20 நானோமீற்றர் பெரிய ஆழம். மேல்முகத்திலும் அடிமுகத்திலும் தெறித்த கதிர்கள் கூடிக் குறைந்து, கோணத்தை மாற்ற மாற்ற, தெறிப்பின் செறிவு உம்முடைய படலத்துக்கு 0.22 பாகைக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். 1931இல் கீசிக் என்ற ஆய்வாளர் கண்ணாடி மேல் இட்ட நிக்கல் படலத்தில் கண்டது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். ஏன் இவ்வளவு சாய்வு என்று உம்முடைய அம்மா கேட்டால் பண்ணைப் பாலத்தை ஞாபகப்படுத்தும். குனிந்து பார்த்தால் காலடியில் கடலின் அடிச்சேறு தெரியும். தூரத்துத் தண்ணீரோ வானத்தைத்தான் திருப்பிக் காட்டும்.

இனி அந்த வளையி.

ஏற்ற இறக்கத்தின் இடைவெளி தடிப்பைச் சொல்லும். அதில் நீர் பிழைவிட்டிருக்க மாட்டீர். ஆனால் வெற்றிடம் எத்தனை வீதம் என்பது இலத்திரன் அடர்த்தியிலிருந்து, அதாவது ஒரு கன அளவுக்குள் எத்தனை இலத்திரன் என்பதிலிருந்து, வருவது. கதிர் தெறிப்பது அடர்த்தி மாறும் இடத்தில், எவ்வளவு மாறுகிறதோ அந்த அளவுக்கு. சிலிக்கனின் அடர்த்தியை 12 அங்குல விறாந்தை என்று வையும். உம்முடைய படலம்தான் நடுப்படி. வளியிலிருந்து படலத்துக்கு 8, படலத்திலிருந்து சிலிக்கனுக்கு 4 என்றால், அது நீர் சொன்ன 30 வீத வெற்றிடம். வளியிலிருந்து படலத்துக்கு 4, பிறகு 8 என்றால் வெற்றிடம் ஏறக்குறைய 65 வீதம். ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு காற்று, மற்றதில் மூன்றில் இரண்டு பங்கு காற்று. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பெரிய கோணங்களில் இரண்டும் தருவது ஒரே வளையி! இரண்டு முகத்திலும் தெறித்த அலைகளைக் கூட்டி வர்க்கித்துப் பாரும். நாலின் வர்க்கம், எட்டின் வர்க்கம், இரண்டின் பெருக்கத்தோடு வரும் கோசைன். எது முதலில் என்பதைக் காட்டும் உறுப்பு அதில் எங்கே இருக்கிறது? கருவி எண்ணுவது வந்து விழும் கதிரின் செறிவை மட்டும். அவத்தை, அதாவது அலை ஏற்றத்தில் வந்ததா இறக்கத்தில் வந்ததா என்பது, அங்கேயே தொலைந்துவிட்டது. தொலைந்ததைக் கணினி கண்டுபிடித்துத் தராது. நீர் 30ஐ ஒட்டித் தொடக்கப் பெறுமானம் கொடுத்தால் 30ஐச் சுற்றி இறங்கி நின்றுவிடும். 65ஐ ஒட்டிக் கொடுத்துப் பார்த்தீரா? பார்க்கவில்லை. பார்த்திருந்தால் "உறுதி" என்று எழுதியிருக்க மாட்டீர்.

படி எது என்பதைப் படலம் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. சிலிக்கனின் அவதிக் கோணம், அதாவது அதற்குக் கீழே கதிர் முழுவதும் தெறித்துவிடும் கோணம், 0.22 பாகை. அதை ஒட்டிய பகுதியில் கதிர் படலத்துக்குள் நன்றாக முறிந்து போகிறது. அதனால் முதல் ஏற்ற இறக்கங்கள் இடம் நகரும். எவ்வளவு நகருகின்றன என்பது படலத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. 4க்கும் 8க்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும். நீர் வெட்டி எறிந்தது அந்தப் பகுதியை.

எனக்குக் கோபம் வந்தது இதில்தான். வழிகிறது என்று எழுதியிருக்கிறீர். வழியட்டும்! உம்முடைய கதிர் 0.1 மில்லிமீற்றர் அகலம் என்றால் 0.2 பாகையில் அது ஏறக்குறைய 29 மில்லிமீற்றர் நீளத்துக்குப் படரும். 10 மில்லிமீற்றர் மாதிரியில் மூன்றில் ஒரு பங்கு விழும், மீதி வெளியே போகும். 0.57 பாகைக்கு மேலே முழுவதும் மாதிரிக்குள் நிற்கும். இது பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. திருத்திக்கொள்ளலாம். அதை நம்ப மனமில்லையா, 4 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு தகடு வெட்டி அதில் படலம் இடும், கதிரின் துவாரத்தை ஒடுக்கும். அரை நாள் வேலை. அரை நாளை மிச்சம் பிடிக்கப்போய் படலம் வாய் திறந்து பேசிய ஒரே இடத்தைக் குப்பையில் போட்டுவிட்டீர். நான் உயர்தரத்துக்குப் படிப்பித்த காலம் முழுக்கப் பிள்ளைகளோடு சண்டை பிடித்தது இதற்காகத்தான். விடை வந்துவிட்டது என்றதும் பேனாவை மூடிவிடுவார்கள். வேறு விடையும் வருமா என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார்கள். நீர் கெட்டிக்காரி. கடிதத்திலேயே எதை நீக்கினேன் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர். அதனால்தான் இவ்வளவு ஏசுகிறேன்.

படலத்தின் முகம் கரடுமுரடா, அல்லது இரண்டு பொருளும் கலந்து கிடக்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. நேராகத் தெறிப்பதை மட்டும் வைத்து அதைப் பிரிக்க முடியாது, பக்கங்களில் சிதறுவதையும் அளக்கவேண்டும். அது பிறகு.

எங்கள் படியின் கதை நேற்று முடிந்தது. இடித்த கல்லையும் சாந்தையும் மேசன் கேற்றடியில் குவித்திருந்தார், இன்று லான்ட்மாஸ்ரர் வந்து ஏற்றவேண்டும். பின்னேரம் போய்க் கிளறினேன். பக்கச் சுவரோடு ஒட்டியிருந்த ஒரு சாந்துக் கட்டி, ஒரு முழ நீளம். அதில் சுவரின் பழைய நீலச் சுண்ணாம்பும் படியின் சிவப்புச் சீமெந்தும் சந்திக்கும் கோடு அப்படியே இருந்தது. ரேப்பை வைத்து அளந்தேன். அடியிலிருந்து 8 அங்குலம். அம்மா சொன்னதுதான் சரி. அவருடைய கால் 40 வருடமாகச் சரியாகத்தான் வைத்திருந்தது, நான்தான் 4 என்று சாதித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உம்முடைய அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாரும்: "அம்மா, தண்ணியிலை மண்ணெண்ணெய் விழுந்தால் நிறம் நிறமாய்த் தெரியுமெல்லே? பஞ்சாலை ஒத்தி எடுக்க எடுக்க நிறம் போயிடும், ஆனால் எண்ணெய் இருக்கும். அப்பிடிக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறதை, உடைக்காமல், கிண்டாமல், எவ்வளவு தடிப்பு, உள்ளுக்கை எவ்வளவு காத்து எண்டு பாக்கிறதுதான் என்ரை வேலை." அந்தக் காலத்தில் இங்கே இருந்தவருக்குப் போத்தல் விளக்கை விளக்க வேண்டியிருக்காது. அவரிடமும் ஒரு பஞ்சுக் கதை இருக்கும், கேளும்.

அப்புறம், 65இல் தொடங்கினால் வளையி எப்படி வருகிறது என்று எனக்கு எழுதும். 0.1 பாகையிலிருந்து அளந்த தரவோடு.

அன்புடன்.