பிரிண்ட் எல்லோருக்கும், ஸ்கேன் மூன்று பேருக்கு: அலுவலக மெஷின் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது ஆடிட்டர் அலுவலகம். வாடகைக்கு எடுத்த பெரிய மல்டிஃபங்க்ஷன் மெஷின் ஒன்று நெட்வொர்க்கில் இருக்கிறது. பிரிண்ட் எல்லாம் ஒரு விண்டோஸ் சர்வர் வழியாகப் போகிறது. பிரிண்ட் எல்லோருக்கும் வேண்டும், ஸ்கேன் மட்டும் மூன்று பேர் கையில் இருந்தால் போதும் என்கிறார் எங்கள் சார். சர்வரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, செக்யூரிட்டி டேபில் மற்றவர்களின் அனுமதியை எடுத்துப் பார்த்தேன். பிரிண்ட் நின்றுவிட்டது, ஸ்கேன் ஜோராக நடக்கிறது! சர்வீஸுக்கு வருகிறவரோ 'அதெல்லாம் முடியாது மேடம்' என்கிறார். முடியுமா, முடியாதா?
- வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: முடியும், ஆனால் அந்த இடத்தில் இல்லை. செக்யூரிட்டி டேபில் இருக்கிற அனுமதிகளை இன்னொரு முறை பாருங்கள். பிரிண்ட் எடுக்கலாமா, பிரிண்டரை நிர்வகிக்கலாமா, வரிசையில் நிற்கிற டாக்குமெண்டுகளை நிர்வகிக்கலாமா, இவ்வளவுதான். ஸ்கேன் என்ற பேச்சே அங்கே கிடையாது. பிரிண்ட் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து சர்வரின் க்யூவுக்கு, அதாவது அந்த வரிசைக்குப் போய், அங்கிருந்து மெஷினுக்கு வருகிறது. ஸ்கேன் மெஷினிலிருந்து கிளம்பி நேராக மெயில் சர்வருக்கோ ஷேர்டு ஃபோல்டருக்கோ போய்விடும். இல்லையென்றால் யாராவது தன் சீட்டில் உட்கார்ந்தபடியே ஸ்கேன் சாஃப்ட்வேரைத் திறந்து மெஷினிலிருந்து இழுத்துக்கொள்வார். இரண்டிலும் பிரிண்ட் க்யூவுக்கு வேலையே இல்லை. அதனால் அந்த டேபில் பழையபடி எல்லோருக்கும் பிரிண்ட் அனுமதியைக் கொடுத்துவிட்டு, மெஷினுக்குள் போங்கள்.

எப்படிப் போவது? பிரௌசரில் மெஷினின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. பழைய மெஷின்களில் அது காலியாகவே இருக்கும், அல்லது மாடல் பெயரைத் தேடினால் கிடைத்துவிடும். புதியவற்றில் பல, பின்பக்க ஸ்டிக்கரிலேயே அச்சடித்து வருகின்றன. இதை மாற்றாமல் நீங்கள் என்ன கட்டுப்பாடு போட்டாலும், ஆர்வமுள்ள ஒரு ஆர்ட்டிகிள் பையன் (ஆடிட்டரிடம் பயிற்சியில் இருப்பவன்) மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவான்.

அடுத்தது ஆள்வாரியான அனுமதி. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். பிரதரில் செக்யூர் ஃபங்க்ஷன் லாக், கேனனில் டிபார்ட்மெண்ட் ஐடி மேனேஜ்மெண்ட், ரிக்கோவில் யூசர் கோட், எப்சனில் ஆக்சஸ் கண்ட்ரோல். பிரதரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம், பார்த்தவுடன் புரிகிற மாதிரி இருக்கும். ஒரு அட்டவணை வரும். மேலே பிரிண்ட், காப்பி, ஸ்கேன் என்று வரிசையாகத் தலைப்புகள், கீழே ஆளுக்கு ஒரு வரி, ஒவ்வொன்றிலும் டிக் போடுகிற கட்டம். முதல் வரி பப்ளிக் மோடு, அதாவது பின் நம்பர் போடாமல் வந்து நிற்கிற யாரும். அந்த வரியில் ஸ்கேன் டிக்கை எடுத்துவிட்டு, உங்கள் மூன்று பேருக்கும் தனித்தனி வரி, தனித்தனி நான்கு இலக்க எண், அவர்களுக்கு மட்டும் ஸ்கேன் டிக். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேன் இழுக்க வேண்டுமென்றாலும் முதலில் மெஷினிடம் போய் எண்ணை அடித்துவிட்டுத்தான் வர வேண்டும். கொஞ்சம் நடக்க வைக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

எல்லாக் கம்பெனியும் இவ்வளவு கறார் இல்லை. கேனனில் டிபார்ட்மெண்ட் ஐடியைப் போட்ட பிறகும், பல மாடல்களில், 'தெரியாத ஐடியிலிருந்து வரும் ஸ்கேன் வேலைகளை அனுமதி' என்ற பொருளில் ஒரு கட்டம் தனியாக இருக்கும். எப்சனில் 'கம்ப்யூட்டரிலிருந்து அடையாளம் கேட்காமலே பிரிண்ட், ஸ்கேன் செய்யலாம்' என்று ஒன்று. இந்த டிக் இருக்கிறவரை மெஷின் முன்னால் போய் நிற்பவரிடம்தான் அது கறாராக ஐடி கேட்கும், சீட்டிலிருந்து இழுப்பவரைக் கேட்காது. முன்வாசலுக்குப் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது. எப்சனில் அந்தக் கட்டத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அது பிரிண்டையும் சேர்த்தே பிடிக்கிறது, டிரைவரில் அடையாள விவரம் கொடுக்காத கம்ப்யூட்டர்களில் பிரிண்ட் நின்றுவிடும்.

உங்களிடம் பிரிண்ட் சர்வர் இருப்பதால் அந்தக் கொல்லைப்புறத்தை அடைக்க இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, நான் அதையே சொல்வேன். பெரும்பாலான அலுவலக மெஷின்களில் ஐபி ஃபில்டர் இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டர் மெஷினோடு பேசலாம் என்று தீர்மானிப்பது அது. உள்ளே வரும் தொடர்புகளில் சர்வரின் ஐபியையும் உங்கள் கம்ப்யூட்டரின் ஐபியையும் மட்டும் அனுமதியுங்கள், மற்ற எல்லாவற்றையும் தடுத்துவிடுங்கள். ஊழியர்களின் பிரிண்ட் சர்வர் வழியாக வருவதால் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அவர்கள் கம்ப்யூட்டர்களுக்கு மெஷின் நேரடியாகக் கண்ணிலேயே படாது. ஸ்கேன் சாஃப்ட்வேர், எச்பியில் இருக்கிற மாதிரி பிரௌசரிலிருந்தே ஸ்கேன் எடுக்கும் பக்கம், மொபைல் ஆப், விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்து 'ஸ்கேனர்' என்று சேர்த்துக்கொள்வது, எல்லாம் ஒரே அமைப்பில் அடங்கிவிடும். உங்கள் சொந்த ஐபியைச் சேர்க்க மறந்து சேவ் அழுத்திவிடாதீர்கள், அப்புறம் நீங்களே உள்ளே போக முடியாது. அந்த இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஐபி மாறாமல் நிலையாக இருக்கட்டும்.

மெஷினின் முன்பக்க யூஎஸ்பி துளையையும் மூடிவிடுங்கள், அனுமதிப் பட்டியல் போடும்போது பென்டிரைவில் ஸ்கேன் எடுப்பது பலருக்கு ஞாபகத்துக்கே வராது. எல்லாம் முடிந்ததும் அனுமதி இல்லாத ஒருவரின் சீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர், பிரௌசர், அலுவலக வைஃபையில் இருக்கும் மொபைல் என மூன்றிலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். ஒன்றிலாவது படம் வந்தால் வேலை முடியவில்லை.

ஒரு விஷயத்தை உங்கள் சாரிடம் சொல்லிவிடுங்கள். திருட நினைப்பவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஃபோட்டோ பிடிப்பார், அதற்கு மெஷினில் பூட்டு இல்லை. ஸ்கேன் கட்டுப்பாடு தடுப்பது தவறுகளை. ஒரு கிளையண்டின் பான் கார்டும் ஆதாரும் இன்னொரு கிளையண்டின் மெயிலுக்குப் போவது, அட்ரஸ் புக்கில் பக்கத்துப் பெயரைத் தொட்டுவிடுவது, அந்த மாதிரி. அதுவே பெரிய லாபம்தான்.

கேள்வி: எங்களிடம் இருப்பது சாதாரண இங்க் டேங்க் பிரிண்டர், வைஃபையில் ஓடுகிறது. நீங்கள் சொல்கிற யூசர், பின் எதுவும் மெனுவில் இல்லை. சின்ன கிளினிக், ஐந்து பேர். ஸ்கேன் ரிசப்ஷனில் மட்டும் இருக்க வேண்டும், பிரிண்ட் எல்லோருக்கும்.
- கும்பகோணம் வாசகர்

பதில்: புது மெஷின் வாங்க வேண்டாம். வைஃபையை அணைத்துவிட்டு, யூஎஸ்பி கேபிளில் ரிசப்ஷன் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். அங்கிருந்து விண்டோஸில் பிரிண்டரை ஷேர் செய்யுங்கள். விண்டோஸ் ஷேரிங் பிரிண்டை மட்டும்தான் பகிரும், ஸ்கேனரைப் பகிராது. இது வருகிறவர் போகிறவர் எல்லாம் குறையாகச் சொல்கிற விஷயம், உங்களுக்கு அதுவே வரம். வைஃபை டைரக்டும் (ரவுட்டர் இல்லாமல் மொபைல் நேராகப் பிரிண்டரோடு இணையும் வழி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், அது பல மாடல்களில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தொல்லை, ரிசப்ஷன் கம்ப்யூட்டரை அணைத்தால் டாக்டர் அறையில் பிரிண்ட் வராது.

கேள்வி: ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்ப அலுவலகத்தின் பொது ஜிமெயில் ஒன்றை மெஷினில் போட்டுக் கொடுத்தார்கள். அனுமதி உள்ளவர்கள் மட்டும்தான் ஸ்கேன் எடுக்கிறோம். இது பாதுகாப்பானதா?
- திருப்பூர் வாசகர்

பதில்: அந்த ஜிமெயிலைத் திறந்து 'சென்ட்' ஃபோல்டரைப் பாருங்கள். இதுவரை அந்த வழியில் மெயிலில் போன ஒவ்வொரு ஸ்கேனும், யாரும் அழிக்காமல் இருந்தால், பிடிஎஃப்பாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். சம்பளப் பட்டியல், செக், பத்திரம், எல்லாம். பொது ஜிமெயில் என்கிறீர்கள், அப்படியானால் அதன் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்கேன் எடுக்க மூன்று பேர், எடுத்ததைப் பார்க்க முப்பது பேர் என்றால் கட்டுப்பாட்டுக்கு என்ன அர்த்தம்?

மெஷினுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள், அதை மனிதர்கள் யாரும் வேறு எதற்கும் திறக்கக் கூடாது. 2022 மே 30க்குப் பிறகு சாதாரண ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை மெஷினில் போட்டால் கூகுள் ஏற்பதில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, மெஷினுக்கென்று 16 எழுத்துத் தனிப் பாஸ்வேர்டு (ஆப் பாஸ்வேர்டு) ஒன்றை உருவாக்கித்தான் போட வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான், மெஷினைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் அந்த ஆப் பாஸ்வேர்டை மட்டும் ரத்து செய்தால் போதும். சென்ட் ஃபோல்டரை அவ்வப்போது காலி செய்யும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று, பல மெஷின்களில் புதிய முகவரிகளைக் கையால் அடிப்பதையே தடுத்து, அட்ரஸ் புக்கில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்ப விடும் அமைப்பு உண்டு. சில மெஷின்களில் லாகின் செய்தவர் தனக்கே மட்டும் அனுப்பிக்கொள்ளும்படியும் செய்யலாம். யார் ஸ்கேன் எடுக்கலாம் என்பதில் காட்டுகிற கவனத்தில் பாதியை எங்கே அனுப்பலாம் என்பதில் காட்டினாலே வில்லங்கம் பெருமளவு குறையும், என் அனுபவத்தில் விபத்துகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

கேள்வி: எங்கள் பழைய மெஷின் ஷேர்டு ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பும். கம்ப்யூட்டர்களை மாற்றியதும் நின்றுவிட்டது. சர்வீஸ் ஆள் வந்து எஸ்எம்பி 1 என்று ஏதோ ஒன்றை ஆன் செய்தார், வேலை செய்கிறது. 'ஃபோல்டரில் எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிடுங்கள், பிரச்சினையே வராது' என்றும் சொன்னார்.
- நாகர்கோவில் வாசகி

பதில்: அவருக்குப் பிரச்சினை வராது, உங்களுக்கு வரும். எஸ்எம்பி 1 மிகப் பழைய ஃபைல் ஷேரிங் முறை. 2017 மே மாதம் உலகத்தையே கலங்கடித்த வான்னாக்ரை என்ற பணயத்தொகை கேட்கும் வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புதிதாகப் போடுகிற கம்ப்யூட்டர்களில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அதனால்தான் உங்கள் ஸ்கேன் நின்றது. அதை அணையுங்கள். மெஷினுக்கு ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட் இருக்கிறதா என்று கேளுங்கள், சிலவற்றில் எஸ்எம்பி 2 அதில் கிடைத்துவிடும். இல்லையென்றால் மெயிலுக்கு மாறுங்கள்.

எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல், அதாவது எல்லோருக்கும் முழு அனுமதி, இன்னும் மோசம். அப்படிச் செய்தால் ஸ்கேன் எடுத்தவர் மெஷினிலிருந்து சீட்டுக்கு வருவதற்குள் வேறு யாரும் திறந்து படிக்கலாம், அழிக்கலாம். ஆளுக்கொரு ஃபோல்டர் போடுங்கள், அதில் அவருக்கு மட்டும் படிக்க அனுமதி. மெஷினுக்கென்று ஒரு விண்டோஸ் கணக்கு உருவாக்கி, அதற்கு அந்த ஃபோல்டர்களில் எழுதும் அனுமதி மட்டும் கொடுங்கள். சில மெஷின்கள் ஃபோல்டரில் ஏற்கெனவே என்ன பெயரில் ஃபைல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதும், அது நின்றுபோனால் பட்டியலைப் பார்க்கும் அனுமதியைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் மெஷினில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: பின் நம்பர் போட்டோம். இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரிந்துவிட்டது.
- சேலம் வாசகர்

பதில்: தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெஷினில் கார்டு ரீடர் போட வசதி இருந்தால் ஊழியர்களின் வருகைப் பதிவு கார்டையே பயன்படுத்தலாம், ரீடர் அந்த வகைக் கார்டைப் படிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி (எல்லோருடைய விண்டோஸ் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைக்கும் வசதி) இருந்தால் விண்டோஸ் லாகினையே மெஷினில் கேட்கவைக்கலாம். தன் விண்டோஸ் பாஸ்வேர்டை யாரும் அவ்வளவு எளிதாகப் பக்கத்து சீட்டுக்குக் கொடுப்பதில்லை. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை சர்வரில் முடக்கினால் மெஷினிலும் உள்ளே வர முடியாது, இதுதான் பெரிய வசதி.

கேள்வி: யார் என்ன ஸ்கேன் எடுத்தார்கள் என்று ஊழியர்களுக்குத் தெரியாமல் பார்க்க முடியுமா?
- பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

பதில்: யூசர் லாகின் போட்டிருந்தால் ஜாப் லாகில் (மெஷின் வைத்திருக்கும் வேலைப் பதிவில்) யார், எப்போது, எத்தனை பக்கம், எங்கே அனுப்பினார் என்பது பெரும்பாலும் இருக்கும். அந்தப் பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்று அது காட்டாது. தெரியாமல் எதற்குப் பார்க்க வேண்டும்? லாக் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னாலே பாதி வேலை முடிந்தது, ஒளித்துவைத்து ஒருநாள் வெளியே தெரிந்தால் அலுவலகத்தில் உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: வாடகைக் காலம் முடிந்து மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். கேபிளைக் கழற்றிக் கொடுத்தால் போதுமா?
- சென்னை வாசகர்

பதில்: போதாது. பெரிய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஸ்கேன், காப்பி, பிரிண்ட் எடுத்தவற்றின் படம் அதில் தங்கலாம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 2010இல் நியூஜெர்சியில் ஒரு கிடங்கில் நான்கு பழைய காப்பியர்களை, ஒவ்வொன்றும் சுமார் 300 டாலருக்கு வாங்கி டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தது. ஒன்று பஃபலோ நகரப் போலீஸ் பயன்படுத்தியது, வழக்கு விவரங்கள் இருந்தன. இன்னொன்றில் நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் உறுப்பினர்களுடைய மருத்துவத் தகவல்கள். இப்படித் திருப்பிக் கொடுத்த மெஷின்கள் வழியாக 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே கணக்குக் கொடுத்தது, 2013 ஆகஸ்டில் அரசுக்கு 12,15,780 டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. நம் ஊரிலும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலுக்குப் போதிய பாதுகாப்பு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

மெனுவில் டிஸ்க்கில் உள்ள டேட்டாவை அழிக்கும் வசதி இருக்கும், சிலவற்றில் ஓவர்ரைட் என்ற பெயரில். அதை ஓட்டுங்கள், சில மணி நேரம் எடுக்கலாம் என்பதால் லாரி வருகிற காலையில் ஆரம்பிக்காதீர்கள். டிஸ்க் காலியானாலும் அட்ரஸ் புக், மெயில் பாஸ்வேர்டு, ஃபோல்டர் பாஸ்வேர்டு எல்லாம் தனியாகத் தங்கும், ஃபேக்டரி ரீசெட் அவற்றுக்கு. பிறகு டிஸ்க் அழிக்கப்பட்டது என்று சீரியல் நம்பரோடு ஒரு கடிதம் வாடகைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள், மெஷின் இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே. வண்டியில் ஏற்றிய பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.